கை கழுவித் தொட்ட புத்தகம்

அன்று காலை என் கணவர் ஆண்ட்ரூஸ் அறைக்கு வெளியே நின்றுதான் டீ குடித்தார். புத்தகம் இருக்கும் அறைக்குள் டீ போகக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். சாப்பிடக் கூப்பிடப் போனபோது நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். மாரடைப்பு. புத்தகத்தை மூடி, வெள்ளைத் துணியில் சுற்றி வைத்த பிறகுதான் செத்திருக்கிறார்.

சென்னையில் ஓர் ஆவணக் காப்பகத்தில் அவருக்கு வேலை. ஒரு காலத்தில் மதராஸில் துணியும் ரத்தினமும் வியாபாரம் செய்த ஆர்மீனியர்களின் காகிதங்கள் அங்கே பெட்டி பெட்டியாகக் கிடந்தன. படிக்க ஆளில்லை. நாற்பது வயதுக்கு மேல் அந்த எழுத்தைத் தானாகக் கற்றுக்கொண்டார். எது யார் எழுதியது, எந்தப் பக்கத்தைப் பூச்சி தின்றிருக்கிறது, இப்போது எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் விவரம் எழுதிப் பட்டியல் போட்டார். ஆராய்ச்சிக்காரர்கள் தேடி எடுக்க அதுதான் வழி. ஒரு கட்டத்தையும் காலியாக விடமாட்டார்.

நெஞ்சுவலி வந்து சொந்த ஊரான ஆவூருக்கே திரும்பியபின், இயக்குநர் உதயசூரியன் வாய்ச்சொல்லாகச் சம்மதிக்க, ஒவ்வொரு புத்தகமாக வீட்டுக்குக் கொண்டுவந்து வேலை பார்த்தார். கடைசியாக வந்தது ஒரு வியாபாரியின் மனைவி எழுதிய குடும்பக் குறிப்பு. தோல் அட்டை, அதில் அழுத்திப் பதித்த சிலுவை. விவரம் எழுதி அனுப்பிவிட்டார். பக்கங்களைப் படம் எடுக்கத்தான் நாளில்லாமல் போயிற்று.

முப்பதாம் நாள் பூசைக்கு உதயசூரியன் வந்தார். பூசைக்கு என்று நினைத்தேன். புத்தகத்துக்கு. நான் ஏற்கெனவே வீடு முழுக்கத் தேடி ஓய்ந்திருந்தேன். அவர் அட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் நாத்தனார் ஜெபமாலை அண்ணி தலை நிமிர்ந்தார்.

"தம்பியோட செபப் பொஸ்தகமா? அத நாந்தான பெட்டிய மூடுறதுக்கு முன்னாடி அவன் நெஞ்சுல வச்சேன்."

உதயசூரியன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"தெனமும் கை கழுவிட்டுத்தான் தொடுவான். தலகாணி போட்டு, துணி விரிச்சு, அதுல வச்சுத்தான் தொறப்பான். வாய்க்குள்ளயே முணுமுணுன்னு படிப்பான். அது இல்லாம எப்புடி அனுப்புறது?"

தலையணை, புத்தகத்தின் முதுகு முறியாமல் இருக்க. துணி, தூசிக்காக. முணுமுணுப்பு, எழுத்துக் கூட்டிப் படிப்பதால். இதையெல்லாம் அண்ணியிடம் எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டில் செபப்புத்தகம் இல்லாமல் யாரையும் அடக்கம் செய்ததில்லை.

குழியைத் திறக்கலாம் என்றார் உதயசூரியன். முதலில் மெதுவாகச் சொன்னார், பிறகு சட்டம் பேசினார். குடும்பம் சம்மதித்தால் பார்க்கலாம் என்று பங்குத்தந்தை ஒதுங்கிக்கொண்டார்.

"இருக்கையில ஒரு எட்டு வந்து பாக்கல. இப்ப தோண்ட வந்துட்டாராக்கும்" என்றார் அண்ணி.

எனக்குப் பாதி மனசு இருந்தது. ஆண்ட்ரூஸ் இருந்திருந்தால் மண்வெட்டியை அவர்தான் முதலில் எடுத்திருப்பார். உதயசூரியனை வாசலுக்கு அழைத்துப்போய், பட்டியலில் என் கணவர் பெயர் வருமா என்று மட்டும் கேட்டேன்.

"தொகுப்பாசிரியர்னு என் பேர்தாங்க போடணும், அது ரூல். சார் பேர நன்றியில சேத்துரலாம். நீங்க சரின்னு சொன்னாப் போதுங்கம்மா. அது வெல மதிக்க முடியாத பொருள்."

"அவரு?" என்றேன்.

அவர் காரைப் பார்த்தார்.

தோண்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். அவர் வழக்குப் போடவில்லை. எழுத்தில் அனுமதி இல்லாமல் புத்தகத்தை வெளியே விட்டவர் அவர்தானே.

அந்த ஐப்பசியில் மழை விடவில்லை. ஆவூர்க் கல்லறைத் தோட்டத்தில் தண்ணீர் நின்றது. காகிதத்தில் ஈரம் பட்டுவிடுமோ என்று என் கணவர் எப்படிப் பயப்படுவார் என்பது எனக்குத் தெரியும். புத்தகம் எழுதிய அந்த அம்மாள் பெற்ற பிள்ளைகளின் பெயர்களும் பறிகொடுத்த பிள்ளைகளின் பெயர்களும் அதில் இருப்பதாகச் சொல்லியிருந்தார். அந்தப் பெயர்கள் இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. உதயசூரியனைத் தண்டிக்கத்தான் வேண்டாம் என்று சொன்னேன்; தண்டனை அந்த அம்மாளுக்குப் போயிற்று.

இந்த வருஷம் பட்டியல் இணையத்தில் வந்தது. தொகுப்பாசிரியர் உதயசூரியன். நன்றியிலும் ஆண்ட்ரூஸ் இல்லை. செல்போனில் அந்தப் புத்தகத்தைத் தேடினேன். என் கணவர் எழுதிய வரிகளை ஒருவரும் படித்துப் பார்க்காமல் அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். தோல் அட்டை. சிலுவை. முதல் பக்கத்தில் பூச்சி அரிப்பு. அதற்குக் கீழே, இருக்குமிடம்: ஆவூர்.