மண்மேட்டைத் தாங்கிய சாம்பல் அணி

சென்ற கார்த்திகை மழையில், டயகமவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கீழ் லயத்து வரிசைவீடுகளின் பின்னாலுள்ள மண்மேடு சரியத் தொடங்கியபோது, மத்தியானம்வரை அதைத் தாங்கிப் பிடித்தவர்கள் விரல் உயரமுள்ள பிளாஸ்டிக் சிப்பாய்கள். லயத்து ஜனம் முழுவதும் பார்த்தது. அதில் இரண்டு அபிப்பிராயம் கிடையாது.

அவர்கள் கீழ் லயத்துச் சுதாகரனுக்கு வந்த ஒரு பெட்டியில் இருந்தவர்கள். லண்டனில் இருக்கும் அவனுடைய சித்தப்பா மகன், தான் விளையாடி அலுத்த போர் விளையாட்டொன்றை அப்படியே கட்டி அனுப்பியிருந்தான். சூரியன்கள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருக்கும் ஏதோவொரு வருங்காலத்தில் நடக்கிற விளையாட்டு அது. அந்த உலகத்தில் சண்டையைத் தவிர வேறு பிழைப்பில்லை. இரும்பு அணிக்குக் கொல்வது மட்டுமே வேலை. சாம்பல் அணிக்கு ஒரு சட்டம் இருந்தது: பலகையிலுள்ள ஊர்ஜனத்தில் கடைசி ஆளும் வெளியேறும்வரை அவர்களில் ஒருவரும் நின்ற இடத்தைவிட்டு நகரக்கூடாது. அதனாலேயே சாம்பல் அணி ஜெயித்து யாரும் கண்டதில்லை. தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்த சுதாகரன் இரும்பை எடுத்துக்கொண்டான். மேல் லயத்து ஜூட்சன், நானுஓயா ஸ்டேஷனில் வேன் ஓட்டுபவன், யாரும் கேட்காமலே சாம்பலை எடுத்துக்கொண்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளை இப்போது நினைத்தாலும் ஈரக் கம்பளி வாசனை வருகிறது. ஜூட்சன் பூசை முடிந்து, இஸ்திரி போட்ட சட்டையோடு நேரே வந்துவிடுவான். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் முன்பு குழந்தைகளை விட்டுப்போன பிள்ளைக் காம்பரா மூடிக் கிடந்தது. அங்கே பழைய கதவொன்றைப் படுக்கப்போட்டு விளையாடினார்கள். உடைந்த கண்ணாடி வழியாக மூடுபனி வந்து போர்க்களத்தை மறைத்துவிடும். அது விலகும்வரை இரண்டு பேரும் பாட்டுப் பாடிக்கொண்டு காத்திருப்பார்கள். சுதாகரனின் தாய் காளியாயி ரொட்டியும் கட்டச் சம்பலும் சாயத்தண்ணியும் கொண்டுவருவார்.

“இன்னைக்காவது ஜெயிச்சியா தம்பி?” என்று ஜூட்சனைக் கேட்பார்.

“இல்லம்மா. ஆனா ஜனம் பூரா தப்பிச்சிருச்சு.”

பிறகு சுதாகரன் வேலைக்கு ருமேனியா போனான். கடைசி ஆட்டம் பாதியில் நின்றது. “கலைச்சிராதடா, வந்து முடிப்போம்” என்று சொல்லிவிட்டுப் போனான். ஜூட்சன் கலைக்கவில்லை. எதிரில் ஆளில்லாமலே ஞாயிறுதோறும் அதே சட்டையோடு வந்து, சிப்பாய்களின் தூசியைத் தூரிகையால் தட்டிவிட்டு, கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவான். வருடங்கள் அப்படியே போயின.

மழை விடாத அந்தக் காலையில் அவன் வந்து பார்த்தபோது இரும்பு அணி நின்றபடி நின்றது. சாம்பல் அணி நின்ற இடங்களில் தூசி படியாத வட்டங்கள் மட்டும் இருந்தன. வாசலிலிருந்து கீழ் லயம்வரை சேற்றில் சின்னச் சின்னப் பூட்ஸ் தடங்கள். ஓடிப்போய்ப் பார்த்தான். லயத்துப் பின்புறத்தில் அவர்கள் வரிசையாக மண்மேட்டுக்கு முதுகைக் கொடுத்து, கைகளை விரித்து நின்றார்கள். மண் அவர்களுக்கு மேலே விம்மி நின்றது. ஜனங்கள் பிள்ளைகளையும் துணிமூட்டைகளையும் தூக்கிக்கொண்டு கோயில் மடத்துக்கு ஏறினார்கள். காளியாயி மட்டும் வாசற்படியை விட்டு எழவில்லை.

“எம்புள்ள வந்து கதவத் தட்டுனா ஆரு தொறக்கிறது?” என்றார்.

ஜூட்சன் கெஞ்சினான், கையைப் பிடித்து இழுத்தான், திட்டியும் பார்த்தான். கடைசியில் பின்புறத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். சிப்பாய்கள் மார்பளவு சேற்றில் நின்றார்கள். ஒருவனுக்குக் கை ஒடிந்திருந்தது. காளியாயி குந்தி உட்கார்ந்து முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தார்.

“ஏன்டா சாமிகளா இப்படி நிக்கிறீங்க? போங்கடா.”

ஒருவரும் அசையவில்லை.

“நீங்க இருக்கிறவரைக்கும் போகமாட்டாங்கம்மா. அவங்க சட்டம் அப்படி.”

“அப்ப நான்தான் இவங்களப் புடிச்சு வச்சிருக்கேனா?”

அவ்வளவுதான். கதவைக்கூடச் சாத்தாமல் எழுந்து நடந்தார். “வெரசா வா தம்பி, புள்ளைங்க பாவம்” என்று ஜூட்சனையே விரட்டிக்கொண்டு போனார். அவர் கோயில் மடத்துப் படியில் கால் வைத்ததும் மேடு இறங்கியது. லயம் இருந்த இடம் தெரியவில்லை. எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் சேதமில்லை.

சிக்னல் கிடைத்ததும் ஜூட்சன் சுதாகரனுக்குப் போன் எடுத்தான்.

“அம்மா பத்திரமா இருக்காங்கடா. ஆட்டம் முடிஞ்சிருச்சு.”

“யாரு ஜெயிச்சா?”

“சாம்பல்” என்றான் ஜூட்சன். சொல்லிவிட்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதான். அந்தப் பக்கமும் அழுகைதான் கேட்டது.

மாசியில் வெயில் அடித்தபோது சிப்பாய்கள் ஒவ்வொருவராக மண்ணைக் கிளறிக்கொண்டு வெளியே வந்து, ஜனங்கள் தங்கியிருந்த பாடசாலையை நோக்கி நடந்தார்கள். மண்ணைப் பரிசோதிக்க வந்த அதிகாரியின் ஜீப், ஒருவன் ரோட்டைக் கடப்பதற்காக நின்றது. “பரிஸ்ஸமென்” என்று, கவனமாகப் போகும்படி, டிரைவரிடம் சிங்களத்தில் சொன்னார் அதிகாரி. சிப்பாய் மெதுவாகத்தான் போனான். நொண்டினான்.

இப்போது எல்லோரும் தற்காலிகக் குடிசைகளில் இருக்கிறார்கள். மழை இறங்கினால் சாம்பல் அணி குடிசைகளுக்குப் பின்னால் போய் நிற்கும். கொழுந்தெடுக்கும்போது ஈரம் படாமல் இடுப்பில் கட்டிய பழைய படங்குத் துணியை வெட்டி, காளியாயி ஆளுக்கொரு மழைச்சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறார். மண்ணுக்குள்ளிருந்து இன்னும் வராதவர்களுக்கும் தைத்தாயிற்று. ஒருவனுக்கு மட்டும் நீளம் கூடிவிட்டதாம். அடுத்த வெயிலுக்குப் பிரித்துத் தைக்கவேண்டும் என்கிறார்.