ஸ்ரீவத்ஸனின் கைக்குட்டை

எங்கள் அக்ரஹாரத்து ராமநவமிப் பந்தலில் எந்த வித்வான் பெரியவர் என்பதை முடிவு செய்வது ஸ்ரீவத்ஸனின் கைக்குட்டைதான். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், சபா காரியதரிசி. மாலை ஆறரை மணிக் கச்சேரியில், சரியாக ஏழு பத்துக்கு, நான்காக மடித்த கைக்குட்டை முன்வரிசையில் வெளியே வரும். இரண்டே ஒற்றல்.

"ஞானம் இருக்கறவனுக்குத்தான் பாட்டுக் கேட்டாக் கண்ணுல ஜலம் வரும். மத்தவாளுக்கு வந்தா அது தூசி" என்பார்.

மடிப்புக்குள் மூன்று சொட்டு நீலகிரித் தைலம் இருப்பது, அதைத் துவைக்கும் அவர் மனைவி சுஷ்மா ஒருத்திக்குத்தான் தெரியும். அதாவது, அக்ரஹாரம் முழுவதற்கும் தெரியும்.

மீனாக்ஷிக்காக அந்தக் கைக்குட்டை ஒருமுறைகூட வெளியே வந்ததில்லை. தந்தி ஆபீஸில் வேலை, நாற்பத்திரண்டு வயது. பதினோரு வருஷமாக அவளுக்குப் பிற்பகல் நாலு மணிக் கச்சேரிதான். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, பத்துப் பேருக்கும் நாலு மின்விசிறிக்கும் பாடுவாள். ஆறரை மணி கேட்டால் ஸ்ரீவத்ஸன் நோட்டைப் பிரித்துக் காட்டுவார்: 'மேல் பஞ்சமம் எட்டவில்லை.' அதில் பொய் இல்லை. அந்த உச்சிக்கு ஒரு படி கீழே வருஷா வருஷம் அவள் குரல் உடையும். நாங்கள் பத்துப் பேரும் குனிந்து செருப்பைத் தேடுவோம்.

தொண்ணூற்று நாலில் மேடை ஏறுமுன் சொன்னாள்: "மாமா, இன்னிக்கும் எட்டலேன்னா இனிமே நான் பாட வரலை."

"அப்படிச் சொல்லப்படாது. நாலு மணிக்கும் ஒருத்தர் வேணுமோல்லியோ?" என்றார் தாராள மனசோடு.

கல்யாணி ராகம் எடுத்தாள். ஏறினாள். வழக்கமாக உடையும் இடம் வந்தது. நாங்கள் குனிந்தோம்.

உடையவில்லை. மேல் பஞ்சமத்தைத் தொட்டாள். தொட்டுவிட்டு ஓடி வரவும் இல்லை, அங்கேயே நின்றாள். வயலின்காரர் வில்லைத் தூக்கியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது முன்வரிசையிலிருந்து, பஸ் பிரேக் போட்டதுபோல ஒரு சத்தம். ஸ்ரீவத்ஸன் அழுதுகொண்டிருந்தார். ஒற்றல் அழுகை இல்லை. தோள் குலுங்கியது, மூக்கு ஒழுகியது.

"ஏன்னா, கைக்குட்டையை எடுங்கோளேன்!" என்றாள் சுஷ்மா.

"அது... ஆறரைக்கு..." என்று விக்கியவர், ஜரிகை அங்கவஸ்திரத்திலேயே மூக்கைச் சிந்தினார்.

காபி கொடுக்கும் கொள்ளேகால் தொட்டையன் தம்ளரோடு ஓடி வந்தான். அவன் கன்னமும் ஈரம்.

"உனக்கு என்னடா? இது என்ன ராகம்னு தெரியுமா?" என்றார் ஸ்ரீவத்ஸன்.

"அதெல்லாம் தெரியாதுங்க சாமி. அக்கா ஏறிப்போட்டாங்கல்லங்க!"

ஸ்ரீவத்ஸன் தம்ளரை வாங்கிக்கொண்டார். கீழே ஒரு செருப்பும் தொலையாத நிலையில் பத்துப் பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

கச்சேரி முடிந்ததும் நோட்டைப் பிரித்தார். 'எட்டியது' என்று எழுதினார். எழுத்தின் மேலேயே ஒரு சொட்டு விழுந்து மை பரவியது.

"அடுத்த வருஷம் உனக்கு ஆறரை மணி, மீனாக்ஷி."

"சந்தோஷம் மாமா. அரை நாள் லீவு மிச்சம்" என்று சுருதிப் பெட்டியை மூடினாள். "அன்னிக்குக் கைக்குட்டை போறாது. குளிக்கற துண்டா எடுத்துண்டு வாங்கோ."