கூப்பிடு தூரம்

முப்பத்தேழாம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறைக்கு முதல் நாள் பிரின்சிபல் எங்களை மண்டபத்தில் நிற்க வைத்து ஒரு மணி நேரம் பேசினார். விடுமுறையை வீணாக்குகிறவன் உருப்படமாட்டான் என்பதுதான் சாரம். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். நான் மட்டும் அன்றைக்கே விடுதிக் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு கால அட்டவணை எழுதினேன். காலையில் அல்ஜீப்ரா, பகலில் இங்கிலீசு இலக்கணம், பின்னேரம் லத்தீன், குளிப்பதற்கு இருபது நிமிடம். பதினாறு வயதில் எனக்கு அப்படி ஒரு வியாதி இருந்தது.

காரணம் இல்லாமலில்லை. ஜூனியர் கேம்பிரிட்ஜ் சோதனையில் ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டிருந்தேன். டிசம்பரில் மறுபடியும் சோதனை. "இன்னொருக்கா பெயிலானா போர்டிங்கும் இல்ல, பள்ளிக்கூடமும் இல்ல. மாட்டுக்குப் பின்னால போகவேண்டியதான், மனே" என்று அப்பா சொல்லியிருந்தார். அவர் எதையும் விளையாட்டுக்குச் சொல்லுகிறவர் அல்ல.

செங்கலடியில் வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கியதும் வட்டைக்குப் போய் வயல் காவல் இருக்கச் சொன்னார். சிறுபோக நெல் கதிர் முற்றும் நேரம். வழக்கமாகக் காவலுக்குப் போகும் அண்ணன் வைகாசியில் கல்யாணம் முடித்து மண்டூரில் பெண்சாதி வீட்டோடு போய்விட்டான். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை அப்படித்தான் போவான். "அங்க ஒரு சனம் இல்ல. உனக்குப் படிக்கத் தோதான இடம்" என்றார் அப்பா. அது உண்மைதான். அவ்வளவு உண்மையாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

வாவிக்கு அந்தப் பக்கம், பதுளை றோட்டிலிருந்து இரண்டு மைல் உள்ளே எங்கள் வயல். ஒரு பரண், கீழே சமைக்கவும் படுக்கவும் ஒரு குடில். எட்டு நாளுக்கு ஒருமுறை வண்டிக்காரன் அரிசியும் கருவாடும் கொண்டு வருவான். முதல் மூன்று நாளும் ஒரு மனிதக் குரல்கூடக் கேட்கவில்லை. புத்தகத்தைத் திறந்தால் கண் வயலுக்குப் போகும்; வயலைப் பார்த்தால் வீட்டு நினைவு வரும். அழுதேன் என்று சொல்ல இப்போது வெட்கமில்லை.

நாலாம் நாள் காலை கிழக்கே இருந்து ஒரு கூப்பாடு வந்தது.

"ஓ...ய்! கிளி வருது, பாத்துக்கங்க!"

சொன்னபடி ஒரு கூட்டம் வந்தது. தகரத்தைத் தட்டி விரட்டினேன். ஒரு வயலில் விரட்டிய கிளி அடுத்த வயலில் இறங்கும் என்பதால் காவல்காரர்கள் இப்படிக் கூவிச் சொல்வது வழக்கம். ஆனால் இவன் அதோடு நிறுத்தவில்லை. நான் யார், எந்த ஊர், என்ன படிக்கிறேன் என்றெல்லாம் மத்தியானத்துக்குள் கேட்டு முடித்துவிட்டான்.

அவன் பெயர் சாலிஹ், ஏறாவூர்ப் பொடியன். வாய்க்காலுக்கு அப்பால் நாணலுக்குப் பின்னால் அவன் பரண். ஆளைக் காண முடியாது. சோறு சமைக்கும் புகை மட்டும் தெரியும். அவன் வாப்பா மீராசாஹிப் புடவை மூட்டையோடு பதுளைப் பக்கம் வியாபாரத்துக்குப் போய்விடுவாராம். சாலிஹுக்கு வாய் ஓயாது.

"மாஸ்டர்! எழும்பிட்டீங்களா?" படிக்கிறவன் என்று தெரிந்ததிலிருந்து நான் மாஸ்டர்.

"மாஸ்டர்! இண்டைக்கு என்ன ஆணம்?" ஆணம் என்றால் அவர்களுக்குக் கறி.

"கருவாடு!"

"நேத்தும் கருவாடுதானே!"

அக்கா ஹஸீனாவுக்கு மாப்பிள்ளை பார்க்கும் கதை, குடிலில் அடைகாக்கும் கோழியின் கதை, எல்லாம் வாய்க்காலைத் தாண்டி வரும். காற்று எதிர்த்தால் பாதிதான் வரும். மீதியை மறுநாள் கேட்டுக்கொள்வேன். ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். அல்ஜீப்ராவில் ஐந்து நாள் பின்னால் நின்றேன். ஒரு கணக்கைப் பாதிவரை பிடித்திருப்பேன், "மாஸ்டர், கோழி எழும்பிட்டு!" என்று வரும், கணக்குப் போய்விடும். இப்படியே போனால் சோதனையும் போய்விடும், வாழ்நாள் முழுக்க இந்தப் பரண்தான் என்று பயம் பிடித்தது. பயம் கோபமாயிற்று. வாய்க்கால் கரைவரை போய் நின்று கத்தினேன்.

"டேய்! நான் படிக்கிறன்! சும்மா சும்மா கூப்பிடாத!"

நாணலுக்குப் பின்னாலிருந்து கேட்டான்.

"கிளி வந்தா?"

"நானே பாத்துக்குவன்! ஒண்டுக்கும் கூப்பிடாத!"

"சரி மாஸ்டர். படிங்க."

அன்றிலிருந்து மூச்சுக் காட்டவில்லை. கிளித் தொல்லையும் குறைந்தது. அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். அல்ஜீப்ரா தண்ணீர்பட்ட பாடாயிற்று. டிசம்பரில் நான் பாஸ் பண்ணியது அந்த நாட்களால்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் மத்தியானம் சோற்றைப் பிசையும்போது காது தானாகக் கிழக்கே போகும். இன்றைக்கும் கருவாடு என்று சொல்ல எனக்கு ஆள் இல்லை. நானே கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடாதே என்று கத்திய வாயால் எப்படிக் கூப்பிடுவது? பதினாறு வயதுக்காரனின் மானம் பெரிய மானம். இப்படிப் பத்து நாள் போயிற்று.

பதினோராம் நாள் கிழக்கிலிருந்து கிளிகள் பட்டாளமாக வந்து இறங்கின. அப்போதுதான் விளங்கியது. இவ்வளவு நாளும் அவன் வரம்பைச் சுற்றி ஓடி, என் பக்கம் வராமல் அவற்றை வேறு திசைக்கு விரட்டியிருக்கிறான். நன்றி வரவேண்டிய இடத்தில் எனக்கு ஆத்திரம் வந்தது. இப்போது ரோசம் பிடித்து, வேண்டுமென்றே அனுப்புகிறான் என்று நினைத்தேன். எனக்கும் ரோசம் உண்டு. அன்றும் கூப்பிடவில்லை, அடுத்த நாளும் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் நன்றாக ஏசிவிட்டு வருவோம் என்று வாய்க்காலில் இறங்கினேன். அக்கரையில் ஏறியபோதுதான் புகை இல்லாதது கண்ணில் பட்டது.

குடிலுக்குள் பாயில் சுருண்டு கிடந்தான். குரலை வைத்து என்னைவிடப் பெரியவன் என்று நினைத்திருந்தேன். பதின்மூன்று வயதுகூட இராது. உடம்பு அடுப்பாகக் கொதித்தது. தண்ணீர்ச் சட்டி காய்ந்து கிடந்தது.

"எத்தின நாளாடா?"

"மூணு நாள். குளிர் காய்ச்சல்."

"ஒரு சத்தம் போட்டிருந்தா ஓடி வந்திருப்பனே! ஏன்டா கூப்பிடல்ல?"

"நீங்கதானே கூப்பிடாத எண்டு சொன்னீங்க." பிறகு கண்ணைத் திறந்து, "படிச்சி முடிஞ்சிதா, மாஸ்டர்?" என்றான்.

முதுகில் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு நடந்தேன். வழி நெடுக என் காதுக்குள் பேசிக்கொண்டே வந்தான். கோழி ஏழு குஞ்சு பொரித்தது, ஒன்றைப் பருந்து கொண்டு போனது, ஹஸீனாவைப் பார்க்க வந்த மாப்பிள்ளைக்கு முன்பல் இல்லை. சேர்த்து வைத்த கதையெல்லாம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் "பிறகு?" என்று கேட்டேன். றோட்டில் ஒரு மாட்டு வண்டி கிடைத்தது. ஏறாவூரில் அவன் உம்மாவிடம் ஒப்படைத்து, டிஸ்பென்சரியில் கொயினா மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு வயலுக்குத் திரும்பினேன்.

இரண்டாம் நாள் வண்டிக்காரன் வந்து, பொடியன் மவுத்தாப் போனான், அடக்கம் செய்தும் விட்டார்கள் என்றான். வண்டிக்காரன் போனபின் பரணில் ஏறிக் கிழக்கே பார்த்து, "சாலிஹ்! சாலிஹ்!" என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன். அதைப்போல ஒரு தனிமை எனக்குப் பிறகு வந்ததில்லை.

ஒரு கிழமை கழித்து மீராசாஹிப் என் குடிலுக்கு வந்தார். மகனின் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. பதுளையிலிருந்து வருமுன்னே அடக்கம் முடிந்துவிட்டது. ஏழாம் நாள் கத்தம் ஓதிய சோற்றை வாழையிலையில் பொதிந்து எனக்குக் கொண்டுவந்திருந்தார்.

"என்ட பிள்ளைய முதுகில சுமந்திரிக்கீங்க, தம்பி. அல்லாஹ் உங்களுக்குக் குறை வைக்கமாட்டான்" என்றார்.

பொதியை வாங்கிக்கொண்டேன். அவர் கிழக்கே அவர்களுடைய பரண் பக்கம் பார்த்தபடி நின்றார்.

"கூப்பிட்டாக் கேக்கிற தூரம்தானே. அவன் வாய மூடிக்கிட்டு இரிக்கிற பிள்ளையில்ல. மூணு நாளும் கூப்பிட்டிருப்பான். உங்களுக்குக் கேக்கல்லயா தம்பி?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் முகம் எப்படி இருந்ததோ, அவருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது.

"கச்சான் காத்து எதிர்த்து அடிச்சிருக்கும். இங்கால கேட்டிராது" என்று அவரே சொன்னார்.

"ஓம், காத்துத்தான்" என்றேன். அந்த மூன்று நாளும் ஒரு கதிர்கூட அசையவில்லை.