இரண்டாவது சாட்சி

கொரியெந்தெஸ் நகரத்துப் பள்ளியில் வரலாறு சொல்லித்தரும் ஒஃபேலியா, பழைய பத்திரிகைப் படம் ஒன்றைப் பலகையில் ஒட்டினாள். மால்வினாஸ் என்ற கடுங்குளிர்த் தீவுகளில் நடந்த போரில் இரண்டு சிப்பாய்கள் வாட்டிய ஆட்டுத்தொடையோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். அடியில், "குன்றாத உற்சாகம்!" என்று எழுதியிருந்தது.

"இதை நம்பலாமா?"

"சுத்தப் பொய், டீச்சர்," என்றாள் யமிலா. "இடதுபக்கம் இருக்கிறது எங்கப்பா."

மறுநாள் அப்பா எவுசேபியோவே வகுப்புக்கு வந்தார்.

"சிரிப்பு பொய்யில்ல, டீச்சரம்மா. பட்டினியில செத்துக்கிட்டிருந்தோம். ஆடு திருடித் தின்னா சிரிப்பு வராதா? அதுக்குத்தான் அன்னிக்கு ராத்திரி எங்க கேப்டனே எங்களை வெட்டவெளியில மல்லாக்கப் போட்டு, கைகாலை முளையடிச்சுக் கட்ட வெச்சான். பக்கத்துல சிரிக்கிறானே ரமோன், விடியறதுக்குள்ள குளிர்ல விறைச்சுச் செத்துப் போயிட்டான்."

கேட்க ஒஃபேலியாவுக்கு நாக்கூசியது. ஆனாலும் தான் நடத்திய பாடத்தைத் தானே விழுங்க முடியுமா?

"ஒரு சாட்சி போதாதுன்னு இவங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன், அண்ணே. வேற யாருக்குத் தெரியும்?"

"அந்தக் கேப்டனுக்குத் தெரியும்." எவுசேபியோ தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வருஷா வருஷம் ஏப்ரல் ரெண்டாம் தேதி, போர் நினைவு நாளுக்கு, இங்க மேடையேத்திப் பேச வெக்கிறீங்களே, அவனையே கேளுங்க. போன வருஷம் பூச்செண்டு குடுத்தது எம்பொண்ணுதான்."