பெரிய ஹீட்டரே போதும்

மழை பெய்ததால் கிழங்கு அறுவடை நின்றது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து வடக்கு வயல்களில் அக்டோபர் முழுக்க, சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு வேலை. நோரீனும் அவள் புருஷன் மெர்லும் டிரெய்லர் வீட்டை இழுத்துக்கொண்டு வந்து, நாளுக்குப் பன்னிரண்டு மணிநேரம் சேற்றில் நின்றார்கள். ஓய்வு கிடைத்த அன்றுதான் அந்த வீட்டின் பழைய வெந்நீர் ஹீட்டரின் தொட்டி துருப்பிடித்து ஓட்டையாகிக் கிடந்தது. தூக்கத்தை விட்டுக் கடைக்குப் போனார்கள்.

"பழைய மாதிரியே தொட்டி வச்சதை வாங்குவோம். சுவர்ல இருக்கற அதே திறப்புல சொருகிடலாம்," என்றான் மெர்ல்.

"முதல்ல குளிக்கிறவன் நீ. அப்படித்தான் சொல்லுவ. தொட்டிச் சுடுதண்ணி உன்னோடயே தீந்துடுது. மிச்சத்துல நடுங்குறது யாரு?"

அவன் ஓரமாக இருந்த நாற்காலியில் சாய்ந்தான்.

கடைக்காரி ஆர்டிஸ், தண்ணீர் ஓடும்போதே சுடவைக்கும் தொட்டியில்லாத ஹீட்டர்கள் இரண்டைக் காட்டினாள். "எங்க தங்கியிருக்கீங்க?"

"வடக்கு முகாம்ல. கிணத்துத் தண்ணி. கைய வச்சா எலும்பு வலிக்குது."

"அப்ப இந்தச் சின்னது சரிப்படாதும்மா. ஐஸ் மாதிரி வர்ற தண்ணிய இது வெதுவெதுன்னுதான் ஆக்கும். பெருசு நல்லாச் சுட வைக்கும். ஆனா கேஸைக் குடிக்கும். இன்னொண்ணு, குளிக்கறப்போ குழாயைத் திறந்தா மூடக்கூடாது. மூடி மூடித் திறந்தா நடுவுல பச்சைத் தண்ணி வந்து அடிக்கும்."

நோரீன் திரும்பிப் பார்த்தாள். மெர்ல் வாயைத் திறந்து வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தாள்.

"பெருசையே குடுங்க."

பெட்டியைத் தூக்கும் சத்தத்தில் விழித்தவன், "என்னைக் கேக்க வேண்டாமா?" என்றான்.

"கேட்டேன். குறட்டைதான் வந்துச்சு."

தூறலில் மல்லாந்து படுத்து அவன் அதைப் பொருத்தினான். புது ஹீட்டரின் மூடித் தகடு சுவரின் பழைய திறப்புக்குப் பொருந்தாமல், விளிம்பை அரம் வைத்துத் தேய்க்க வேண்டியிருந்தது. கேஸ் கசிகிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்த்தான். பிற்பகல் ஆகிவிட்டது. விரல்கள் விறைத்துப்போயின.

"இன்னைக்கு நீ முதல்ல போ," என்றான்.

அவள் குழாயடியில் நின்றாள். தண்ணீர் சூடாகவே வந்துகொண்டிருந்தது. சோப்புப் போடக்கூடத் தோன்றாமல் சுவரில் நெற்றியை முட்டுக் கொடுத்து நின்றாள். தோளில் இருந்த வலி விட்டுப்போகவில்லை. கொஞ்சம் இளகியது, அவ்வளவுதான்.

அடுத்து அவன் போனான். சற்று நேரத்தில் ஓர் அலறல்.

"குழாயை மூடுனியா?"

"சோப்புப் போடத்தான மூடுனேன்! முப்பது வருஷப் பழக்கம்டி!"

"மூடாதேன்னு அந்தம்மா சொன்னாங்க. நீதான் தூங்கிட்ட."

வெளியே வந்தவன் துண்டோடு படுக்கையில் உட்கார்ந்தான். "சூடு என்னவோ நல்லாத்தான்..." என்று தொடங்கியவன் அப்படியே சாய்ந்துவிட்டான். அவள் போர்வையை இழுத்துவிட்டாள்.

கைபேசி ஒலித்தது. மழை விட்டுவிட்டது, காலையில் வேலை உண்டு என்று சேதி. அவள் அவனை எழுப்பவில்லை.