லாபம் என்று எழுதிய தட்டு

திருக்கோகர்ணத்தில் கண்ணாத்தாள் வீட்டுப் பிள்ளைகள் அலமாரியின் கீழ்த்தட்டு, தனக்குள் வைத்த எதையும் பதினோரு நிமிடத்தில் வெளியே தள்ளிவிடும். முதல் வாரம் போர்வைகளைத் தள்ளியது, மறுவாரம் பழைய புத்தகக் கட்டை. டவுன் பஸ் ஓட்டும் அவள் கணவன் சேவுகன் நம்பாமல், இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை அதில் திணித்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தான். பதினோராவது நிமிடம் மூட்டை அவன் காலடியில் கிடந்தது. "பலகை நல்ல பலகைதான்" என்று சொல்லிவிட்டு டூட்டிக்குக் கிளம்பிப் போனான்.

அந்தத் தட்டு வந்ததே ஒரு தவறால்தான். கண்ணாத்தாள் கந்தர்வக்கோட்டைப் பக்கம் கடலை அளக்கும் வீட்டில் பிறந்தவள். மரக்காலால் அளக்கிறவர்கள் ஒன்று என்று தொடங்கமாட்டார்கள். முதல் மரக்கால் லாபம், அடுத்தது இரண்டு. அவளுக்கு இட்லியும் லாபம், ரெண்டுதான். துவைக்கப் போடும் சட்டையும் லாபம், ரெண்டுதான். அலமாரிக்கு எத்தனை தட்டு என்று தச்சர் சார்லஸ் போனில் கேட்டபோது, மூத்தவன் திருமுருகனையும் சின்னவள் பிரகதாவையும் மனதில் எண்ணி, "லாபம், ரெண்டு, அம்புட்டுத்தாங்க" என்றாள். சார்லஸ் பிளைவுட் காலத்து ஆள். மரக்காலைக் கண்ணால் கண்டதில்லை. லாபம் தனி, பிள்ளைகளுக்கு இரண்டு என்று கணக்குப் போட்டு மூன்று தட்டு அடித்து, மறக்காமலிருக்கக் கீழ்த்தட்டில் பென்சிலால் 'லாபம்' என்று எழுதியும் விட்டார். "நீங்கதானேக்கா லாபம்னு தனியாச் சொன்னீங்க? எக்ஸ்ட்ராவா ஒண்ணு கேக்குறீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

மேல் தட்டுகள் இரண்டையும் பற்றி அவளுக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. திங்கள் முதல் வெள்ளி வரை யூனிபார்ம் அடுக்கு, புதன்கிழமைக்கு வெள்ளை ஷூ, சாக்ஸுக்கு ஒரு பிஸ்கட் டப்பா, ரப்பர் பென்சிலுக்கு ஒரு டப்பா, அட்டை போட்ட நோட்டுகள் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக. அந்தத் தெருவில் ஜியாமெட்ரி பாக்ஸ் தொலைந்தால் அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் நேர்ந்துகொள்வார்கள். மூத்தவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய ஆறு வருடத்தில் கண்ணாத்தாள் ஒரு அச்சு வெல்லம்கூட நேர்ந்துகொண்டதில்லை. கோயிலுக்குப் போனால் சும்மா கும்பிட்டுவிட்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு வருவாள். வீடே அவள் சொன்ன பேச்சைக் கேட்க, இந்தக் கீழ்த்தட்டு மட்டும் அடங்கவில்லை என்பது அவளுக்கு உறுத்தல்தான். கொசுவலைத் துணியால் ஒரு திரை தைத்து அதை மூடிவிட்டாள்.

அந்த மே மாதம் ஹரிணி வந்தாள். சேவுகனுடைய தங்கை மகள், ஏழு வயது. தாய் தை மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். தகப்பன் வசந்தகுமார் குவைத்தில் வேலை பார்க்கிறவர். திருச்சியில் ஹாஸ்டலுக்கு இடம் வாங்கியாயிற்று, திறக்கும் வரை பத்து நாள் மாமா வீட்டில் இருக்கட்டும் என்று ஏற்பாடு. பிள்ளை முதுகில் மாட்டிய பையைக் கழற்றவேயில்லை. சாப்பிடும்போதும் பை, டிவி பார்க்கும்போதும் பை. தூங்கும்போது அதைத் தலைக்கு வைத்துக்கொண்டது. "எறக்கி வைடா தங்கம்" என்றால், "நான் போறவதானே அத்தை" என்றது. இவளை அனுப்பக்கூடாது என்று கண்ணாத்தாளுக்கு அன்றைக்கே தோன்றிவிட்டது. ஆனால் பெற்றவர் எடுத்த முடிவில் தலையிட நாம் யார் என்று பேசாமலிருந்தாள். பயம் வேறு. வீட்டில் காலியாக இருந்தது கீழ்த்தட்டு ஒன்றுதான். அதில் பிள்ளை எதையாவது வைத்து, அது வெளியே தள்ளிவிட்டால், தாயில்லாப் பிள்ளை என்ன நினைக்கும்? ஆகவே திரையை ஊக்குப் போட்டுக் குத்தி வைத்தாள்.

ஒன்பதாம் நாள் காலை அடுப்படியிலிருந்து திரும்பியவள் பார்த்தது, ஊக்கு கழன்று கிடந்ததைத்தான். ஹரிணி டிபன் பாக்ஸைக் கழுவித் துடைத்து, கீழ்த்தட்டின் நடுவில் வைத்துவிட்டுப் பிரகதாவோடு விளையாடப் போயிருந்தாள். மூடியில் அவள் தாய் பெயர் வெட்டியிருந்த எவர்சில்வர் பாக்ஸ். எடுத்துவிடலாமா என்று கண்ணாத்தாள் கை நீட்டினாள். நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழம்பு அடிப்பிடித்தது. பத்து நிமிடம், பதினொன்று, பன்னிரண்டு. பாக்ஸ் வைத்த இடத்திலேயே இருந்தது. கால் மணி நேரம் கழித்துத் தெருவுக்கே கேட்கும்படி அழுதாள். எதற்கு என்று கேட்ட பிள்ளைகளிடம் குழம்பு தீய்ந்துவிட்டது என்றாள்.

மறுநாள் வசந்தகுமார், மகளை ஹாஸ்டலில் விட லீவு போட்டு, புது டிரங்குப் பெட்டியோடு வந்து, மனைவி பெயர் போட்ட பாக்ஸை முதலில் எடுக்கப் போனார். வரவில்லை. சேவுகனும் சேர்ந்து இழுத்தான். போன் போட்டு வரவழைத்த சார்லஸ் கடப்பாரை வைத்து நெம்பியதில் கடப்பாரைதான் வளைந்தது. சத்தம் கேட்டு வந்த ஹரிணி, "என்னப்பா வேணும்?" என்று ஒற்றைக் கையால் பாக்ஸை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர் பார்த்து முடித்ததும் வாங்கித் திரும்ப அங்கேயே வைத்தாள்.

"ஹாஸ்டல்ல அவளுக்குக் கட்டில் குடுப்பாங்கண்ணே" என்றாள் கண்ணாத்தாள். "எடம் இங்கிட்டுத்தான் இருக்கு. எம்புள்ளைய விட்டுட்டுப் போங்க."

வசந்தகுமார் டிரங்குப் பெட்டியைச் சேவுகன் பக்கம் தள்ளினார். "சரி ஆத்தா" என்றார். டிரங்குப் பெட்டி பரண் ஏறியது. பிறகு தெருவில் நாலைந்து பேர் சார்லஸைக் கூப்பிட்டு லாபத் தட்டு அடித்துக்கொண்டார்கள்; அவை வைத்ததை வைத்தபடி வைத்திருக்கும் சாதாரணத் தட்டுகள். கண்ணாத்தாள் வீட்டுக் கீழ்த்தட்டில் இப்போது ஐந்து நாள் யூனிபார்ம், ஒரு சாக்ஸ் டப்பா, அட்டை போட்ட நோட்டுகள், அந்த எவர்சில்வர் பாக்ஸ். ஒன்றும் தொலைவதில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று, வேன் வாசலில் நிற்க, கண்ணாத்தாள் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணி ஏற்றினாள். ஹரிணி தலையில் கை வைத்து லாபம் என்றாள், பிரகதாவைத் தொட்டு ரெண்டு, திருமுருகனைத் தொட்டு மூணு.

"இத்தன வருசமா நான்தானேம்மா லாபம்?" என்று கேட்டான் திருமுருகன்.

"பலகையிலயே எழுதியிருக்கு, போய்ப் பாரு."

அவன் உள்ளே ஓடிப் போய்க் குனிந்து பார்த்தான். பென்சில் எழுத்து அழியாமல் இருந்தது. திரும்பி வந்து, மூன்றாவது ஆளாக வேனில் ஏறிக்கொண்டான்.