இடது விளக்கு

ஹெப்ரான் உள்ளே நுழைந்தால் நின்றுபோன மோட்டார்கள் பயத்தில் தாமாகவே ஓடத் தொடங்கும். நம்பாதவர்கள் கங்கைகொண்டான் தொழிற்பேட்டைக்குப் போய் மோட்டார்களிடமே கேட்டுக்கொள்ளலாம். பாளையங்கோட்டை சர்ச் பாடகர் குழுவிலிருந்து அவரை நீக்கியதும் இந்தக் கோளாறு கண்டுபிடிக்கும் குணத்துக்காகத்தான். பாட்டின் நடுவே எழுந்து, போதகரின் மனைவி அரை நொடி பிந்துகிறார் என்று சொல்லிவிட்டார். பிந்தியது உண்மைதான்.

அப்பேர்ப்பட்ட எலக்ட்ரீஷியனை ஒரு வாரமாக டின் மூடி அடிக்கும் பிரஸ் ஒன்று அழவைத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பிரஸ்ஸின் முன்னால் தள்ளித் தள்ளி இரண்டு பச்சைப் பொத்தான்கள் உண்டு. இரண்டையும் இரண்டு உள்ளங்கையாலும் ஒன்றாக அழுத்த வேண்டும். ஒன்று அரை நொடி பிந்தினாலும், மின்பெட்டிக்குள் இருக்கும் பாதுகாப்பு ரிலே சிவப்பு விளக்கைக் காட்டி, பிரஸ்ஸை இறங்கவிடாது. இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்கு அடியில் இருக்காது, அதுதான் கணக்கு. ரப்பர் பேண்டு போட்டு ஒன்றைக் கட்டிவைத்து ஏமாற்றவும் முடியாது. ஒவ்வொரு அடிக்கும் இரண்டையும் விட்டுவிட்டு அழுத்தினால்தான் சம்மதிக்கும். மாப்பிள்ளை வீட்டார்கூட அவ்வளவு பிகு பண்ணமாட்டார்கள்.

அந்தப் பிரஸ்ஸில் வேலைபார்க்கும் செல்லக்கிளி நிற்கும்போது மட்டும்தான் சிவப்பு விளக்கு வந்தது.

ரிலேயை மாற்றியாயிற்று. பொத்தான்களை மாற்றியாயிற்று. சூப்பர்வைசர் திருஞானசம்பந்தம் பெட்டியின் மேல் ஒரு எலுமிச்சம்பழமும் வைத்துப் பார்த்தார். பழம் வாடியது. கோளாறு அப்படியே இருந்தது.

"வே ஹெப்ரான், எத்தன நாளைக்கு அந்தப் பொட்டிக்குள்ளயே தலைய விட்டுக்கிட்டு கெடப்பீரு? ஒரு துண்டு வயரப் போட்டு ரிலேயத் தாண்டிவிடும்வே. சாயங்காலம் லோடு போவணும்."

"வயரு போடுதது ஒரு நிமிச வேல சார். வெரல ஒட்டவைக்கதுக்குத்தான் ஆளு கெடையாது."

அவர் முன்பு வேலை பார்த்த ஷெட்டில் அப்படி வயர் போட்டவர்கள், ஒருநாள் இரண்டு விரல்களைத் தூக்குவாளியில் ஐஸ் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விரல்கள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தன. ஒட்டத்தான் இல்லை. வாளியைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்திருந்தவர் ஹெப்ரான்.

அவர் தானே பொத்தான்களை அழுத்திப் பார்த்தார். கை வலிக்கும்வரை பிரஸ் ஒழுங்காக இறங்கியது. பிறகு செல்லக்கிளியை அழுத்தச் சொல்லிவிட்டுப் பெட்டிக்குள் குனிந்தார். ஒவ்வொரு பொத்தானுக்கும் ரிலேயில் ஒரு சின்ன விளக்கு இருந்தது. வலது விளக்கு எரிந்தது. இடது விளக்கு பைய வந்து சேர்ந்தது.

"யம்மா, கைய மாத்தி வையி. இடக்கைய வலது பொத்தான்ல, வலக்கைய இடதுல."

கைகளைக் குறுக்கே வைத்து அழுத்தினாள். இப்போது இடது விளக்கு முந்தியது. வலது விளக்கு பிந்தியது.

ஹெப்ரான் மீட்டரைக் கீழே வைத்தார்.

"எத்தன நாளா தாயி?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "தையிலேருந்து அண்ணாச்சி. மொதல்ல வெரலு மரத்துச்சு. இப்ப கையே வேற யாரோடயோ மாதிரி கெடக்கு. மகதான் தல பின்னி விடுதா."

மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்த கைகள் அவை. செடிமேல் இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும். எஸ்டேட்டைக் காலிசெய்து கீழே இறங்கியபோது அவள் கொண்டுவந்த சொத்தும் அதுதான். அந்த வேகத்தைப் பார்த்துத்தான் இந்த வேலையே கொடுத்தார்கள்.

"மக காலேஜ் முடிக்கட்டும் அண்ணாச்சி. அந்த ரிலேகிட்ட கொஞ்சம் பொறுக்கச் சொல்லப்படாதா? ஒரு இம்மி நேரம்."

"அது பொறுக்காது தாயி. பொறுக்கப்படாதுன்னுதான் செஞ்சி வச்சிருக்கான்."

ரிலே கெட்டுவிட்டது என்றால் திருஞானசம்பந்தமே வயரைப் போட்டுவிடுவார். அப்புறம் இந்த மந்தக் கை அச்சுக்கு அடியில் போகும். ரிலே நன்றாக இருக்கிறது என்றால் கோளாறு எங்கே என்பார். கோளாறு கண்டுபிடித்தே வயிறு வளர்த்த மனிதர், இதை மட்டும் கண்டுபிடிக்காமல் இருந்திருக்கலாமே என்று நினைத்து நின்றார்.

"என்னவே ஆச்சு?" திருஞானசம்பந்தம் வந்துவிட்டார்.

"ரிலே நல்லா இருக்கு சார்."

"அப்ப கோளாறு எங்கன இருக்கு?"

ஹெப்ரான் பெட்டியின் திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினார். முடுக்கியதையே திரும்பவும் முடுக்கினார். செல்லக்கிளி அவரைப் பார்த்தாள். பிறகு வலக்கையால் இடக்கையைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள்.

"இங்கன இருக்கு சார்."

திருஞானசம்பந்தம் கெட்டவர் அல்ல. உள்ளே போய் முதலாளியிடம் பேசிப் பார்த்தார். இரண்டு கையும் வேண்டாத வேலை அங்கே எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். செல்லக்கிளியின் இடத்தில் வேறொரு பெண் வந்து நின்றாள். பிரஸ் ஒருமுறைகூடத் தவறவில்லை. லோடு போயிற்று. ஹெப்ரான் எப்படிச் சரிசெய்துவிட்டார் பாருங்கள் என்று எல்லோரும் அவர் முதுகில் தட்டினார்கள்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அவர் அவள்கூட நின்றார்.

"நாளைக்கு ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துரு தாயி. நானும் வாரேன். கைக்கு என்னன்னு கேப்போம்."

"சரி அண்ணாச்சி."

பஸ் வந்தது. ஏறுமுன் திரும்பி அவரைக் கும்பிட்டாள். வலக்கை முதலில் நெஞ்சுக்கு நேரே வந்து தனியாகக் காத்துக்கொண்டிருந்தது. இடக்கை வந்து சேரும்வரை ஹெப்ரானும் காத்திருந்தார்.